கேள்வி கேட்கப் பழகும் ஏழாம் வகுப்பு

08.07.2024, திங்கள்

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள், கேள்வி மட்டும் கேட்பதே இல்லை. "வாட் இஸ் யுவர் நேம்?" என்றால் ஒன்றாம் வகுப்பிலிருந்தே பதில் தெரியும். அதே கேள்வியைப் புதிதாக வந்த ஒருவரிடம் கேட்கச் சொன்னால் வாய் வருவதில்லை. வகுப்பில் கேட்பவர் எப்போதும் டீச்சர்தானே? பாடத்தின் பின்னால் இருக்கும் வினாக்களுக்கு விடை எழுதிப் பழகுகிறார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலும் ஆங்கிலத்தின் 100 மதிப்பெண்ணும் எழுத்துக்குத்தான். ஆனால் நாளைக்கு வெளியூரில் வேலைக்குப் போய் இறங்கினால் முதலில் கேட்டாக வேண்டியவர்கள் இவர்கள்தான். இந்தப் பருவம் முழுக்க இதற்காகத் தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்கப் போகிறேன்.

10.07.2024, புதன்

இன்று ஒரு பையன், "டீச்சர், யூ ஆர் கமிங் டுமாரோவா?" என்றான். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தமிழில் கேள்வி கேட்க வாக்கியத்தைக் கலைக்க வேண்டாம். எதைப் பற்றிச் சந்தேகமோ அதன் மேல் ஓர் 'ஆ' வைத்தால் போதும்: நீயா வந்தாய், நேற்றா வந்தாய், வந்தாயா. ஆங்கிலத்தில் அப்படி முடியாது. 'ஹி வென்ட்' என்பதைக் கேள்வியாக்க 'டிட்' முன்னால் வர வேண்டும். இறந்தகாலம் அதற்குப் போய்விடுவதால் 'வென்ட்' மறுபடி 'கோ' ஆகிவிடும். ஒரே நேரத்தில் இத்தனை வேலை. பிள்ளைகள் 'டிட் ஹி வென்ட்?' என்பதில் என்ன வியப்பு? ஆங்கிலமே தாய்மொழியான குழந்தைகளும் சின்ன வயதில் சொற்களை இடம் மாற்றாமல்தான் கேட்கத் தொடங்குகிறார்கள். அதனால் நடுவில் புகுந்து திருத்தவில்லை. அவன் கேள்வியைச் சரியான வடிவில் நான் ஒருமுறை சொல்லிவிட்டுப் பதில் சொன்னேன்.

19.07.2024, வெள்ளி

மொழி கற்பித்தல் அறிஞர் என். எஸ். பிரபு பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்க 1979 முதல் 1984 வரை நடத்திய பெங்களூர்த் திட்டம் பற்றி மறுபடி படித்தேன். இலக்கணப் பாடம் நடத்தாமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்துக் கணக்குப் போட வைப்பது அவர் முறை. முதலில் ஆசிரியர் மொத்த வகுப்போடும் சேர்ந்து ஒன்றைச் செய்வார். அப்புறம் அதுபோல இன்னொன்றைப் பிள்ளைகள் தனியாகச் செய்வார்கள். கவனம் விடையில் இருக்கும்போது மொழி தானாகப் படியும் என்பது அவர் நம்பிக்கை.

நான் மதுரை–சென்னை ரயில்களான வைகை, பாண்டியன் இரண்டின் கால அட்டவணையையும் எடுத்துக்கொண்டேன். இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவர் தாளில் சில நேரங்களையும் மற்றவர் தாளில் மீதியையும் அழித்துக் கொடுத்தேன். கேட்காமல் நிரப்ப முடியாது. "வென் டஸ் இட் ரீச் திண்டுக்கல்?" என்று வகுப்பே சத்தம் போட்டது. பிள்ளைகள் ஒருவர் தவறை மற்றவரும் பழகிக்கொள்வார்கள் என்று பிரபு இப்படிச் சேர்ந்து பேசவிடுவதை விரும்பவில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. இத்தனை பேர் உள்ள வகுப்பில், பக்கத்தில் இருப்பவரிடம் பேசாவிட்டால் ஒரு பிள்ளைக்கு வாய்ப்பு எப்போது வரும்?

தகவலைக் கைமாற்றுவதைவிட யோசிக்க வைப்பது மேல் என்று அவர் சொன்னது மட்டும் முழு உண்மை. "சென்னையில் காலை 9 மணிக்கு நேர்காணல். மதுரையிலிருந்து எதில் ஏறுவது?" என்றதும் விவாதம் சூடு பிடித்தது. வைகை பிற்பகலில்தான் போய்ச் சேரும், அதனால் முந்தைய இரவு பாண்டியன் என்று முடிவு செய்தார்கள். சண்டை பாதி தமிழில், முடிவு ஆங்கிலத்தில்.

24.07.2024, புதன்

தமிழ் பேசினால் அபராதம் போடும் பள்ளிகள் இருக்கின்றன. நினைத்தாலே கோபம் வருகிறது. பயந்த பிள்ளை இரண்டு மொழியிலும் பேசாது.

02.08.2024, வெள்ளி

எப்போதும் கடைசி வரிசையில் இருக்கும் பெண் கையைத் தூக்கினாள். "டீச்சர், 'வேர் டிட் ஹி கோ'ன்னு சொல்றோம். 'ஹூ கேம்'ல மட்டும் டிட் ஏன் வரல?" யாரும் சொல்லித்தராமல் அவளே கவனித்திருக்கிறாள். உடனே விளக்காமல், 'ஹூ' என்று தொடங்கும் கேள்விகளை எல்லோரையும் சொல்லச் சொல்லிக் கரும்பலகையில் எழுதினேன். 'ஹூ பிரோக் இட்?', 'ஹூ டிட் யூ சீ?' இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து அவளே கண்டுபிடித்தாள்: செய்தவர் யார் என்று கேட்டால் டிட் வேண்டாம், செய்தவர் தெரிந்து மற்றதைக் கேட்டால் வேண்டும். 'வாட்' போட்டாலும் இது சரியாக வருமா என்று முன்வரிசை கேட்க, 'வாட் ஹேப்பன்ட்?' எழுதிப் பார்த்தோம். வந்தது.