காசியில் படித்துறை ஓரம் ரூம் போடுகிறீர்களா?

காசிப் படித்துறைகளை ஒட்டிய பழைய மாளிகைகள் சில இப்போது ‘பூட்டிக் ஹோட்டல்’ எனும் சிறிய சொகுசு விடுதிகளாகிவிட்டன. போன மாதம் நாங்கள் தங்கியதும் அப்படி ஒன்றில்தான். பக்கத்து ஊரான சுனாரின் மணற்கல்லால் ஆன சுவர், நடுவில் முற்றம், விரல்விட்டு எண்ணக்கூடிய அறைகள்.

வாசல் வரை கார் வராது. கோதௌலியா நாற்சந்தி பக்கம் இறங்கிவிட வேண்டும், அப்புறம் சந்துதான். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு விடுதிப் பையன் முன்னால் பறப்பான். நாம் மாட்டுக்கும் பைக்குக்கும் சுவரோடு ஒட்டி வழிவிட்டபடி பின்னால் போக வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் கூட வந்தால் லிஃப்ட் உண்டா, எத்தனை படி என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கங்கை இங்கே வடக்கு நோக்கி ஓடுகிறாள். படித்துறைகள் மேற்குக் கரையில், எதிரே பெரும்பாலும் மணல்வெளி. ஆகவே சூரியன் நேரே கட்டிலுக்கே வந்துவிடுகிறான். நதி பார்த்த அறைக்குக் கூடுதல் காசு தண்டமே இல்லை.

காலை உணவுக்குக் கொடுப்பதுதான் தண்டம். தெருமுனையில் தொன்னையில் சுடச்சுடக் கச்சோரி சப்ஜி, கூடவே ஜிலேபி கிடைக்கும்போது யாராவது டோஸ்ட் தின்பார்களா? குளிர்காலமென்றால் மலையோவை விடாதீர்கள். குங்குமப்பூ மணக்கும் பால் நுரை, வாயில் வைத்ததும் காணாமல் போய்விடும்.

வாடகை கட்டுப்படியாகாதவர்களுக்கு 1863 முதல் இயங்கும் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கிறது. நம்மூர்ச் சாப்பாடும் கிடைக்கும்.

ஆடி ஆவணியில் மட்டும் வேண்டாம். வெள்ளம் ஏறினால் படித்துறைகள் மூழ்கிவிடும், படகையும் நிறுத்திவிடுவார்கள்.