தொட்டி நிறைந்ததும் மோட்டார் நிற்க வேண்டும், அவ்வளவுதான்

தள்ளுபடி வந்தபோதெல்லாம் வாங்கிக் குவித்த பாவம். பல்பு ஒரு கம்பெனி, பிளக் இன்னொரு கம்பெனி, கதவு சென்சார் மூன்றாவது, ஏசி ரிமோட்டுக்குப் பதிலாக வைத்த டப்பா நான்காவது. ஒவ்வொன்றுக்கும் தனி ஆப், தனி பாஸ்வேர்டு. "சுவிட்சத் தட்டுனா அணையிற லைட்டுக்கு எதுக்குடா போன நோண்டிக்கிட்டு நிக்கிற?" என்று அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு காரியம். மொட்டை மாடித் தொட்டி நிறைந்ததும் கீழே மோட்டார் தானாக நிற்க வேண்டும். தொட்டியில் இருந்தது ஒரு கம்பெனி சென்சார், மோட்டாரில் இருந்தது வேறு கம்பெனி பிளக். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பேசும் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி எல்லாவற்றையும் அதில் சேர்த்தேன். ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒருநாள் மதியம் பிராட்பேண்ட் போய்விட்டது. மாடிக்கும் மோட்டாருக்கும் நடுவே முப்பது அடிதான். ஆனால் சேதி எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்த்தான் திரும்பி வர வேண்டும். தண்ணீர் பக்கத்து வீட்டு வடாம் மேல் கொட்டியது. அந்த அக்கா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதன்பிறகுதான் ஹோம் அசிஸ்டென்ட் பக்கம் வந்தேன். வெவ்வேறு கம்பெனி சாதனங்களை ஒரே இடத்திலிருந்து இயக்க, 2013-இல் பவுலஸ் ஸ்கவுட்சன் தொடங்கிய திறமூல மென்பொருள் அது. வீட்டுக்குள்ளேயே ஒரு சின்னக் கணினியில் ஓடும். சும்மா கிடந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கை அளவுக் கணினியில் நிறுவினேன். நிறுவுவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ரவுட்டரில் இருந்த பாதி சாதனங்களை அதுவே கண்டுபிடித்துப் பட்டியல் போட்டது. அன்று இரவு சந்தோஷமாகத் தூங்கினேன்.

சென்சார் ஜிக்பீ வகை, அதாவது வைஃபை இல்லாமல் வேறொரு ரேடியோ முறையில் பேசுவது என்பதால், ராஸ்பெர்ரி பைக்கு அதைப் பிடிக்கும் ஒரு யுஎஸ்பி டாங்கிள் வாங்க வேண்டியிருந்தது. செருகினேன், சென்சார் சேர்ந்தது, பத்து நிமிடத்தில் காணாமல் போனது. இப்படியே நாலு நாள். சென்சார் பழுது என்று முடிவுகட்டி இன்னொன்றும் வாங்கிவிட்டேன். காசு தண்டம். கோளாறு இரண்டு இடத்தில் இருந்தது. ராஸ்பெர்ரி பையின் யுஎஸ்பி 3 துளையிலிருந்து கிளம்பும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் விழும். ஜிக்பீ பேசுவதும் அங்கேதான். ஒன்றரை மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளைத் தள்ளி வைத்ததும் பாதி சரியானது. அடுத்தது வைஃபை. அது சேனல் 1-இல் ஓட, ஜிக்பீ 11-இல் இருந்தது. எண்கள் வேறு வேறாக இருக்கின்றனவே என்று ஏமாந்துவிடக் கூடாது, இரண்டும் ஏறக்குறைய ஒரே இடம். ஜிக்பீயை 25-க்கு மாற்றினேன். மாற்றினால் பழைய சாதனங்களை மறுபடி சேர்க்க வேண்டிவரலாம், ஆகவே இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

அப்படியும் இரண்டு கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடி வரை சிக்னல் எட்டவில்லை. மின்சாரத்தில் ஓடும் ஜிக்பீ பிளக் நடுவில் இருந்தால் அது சேதியை வாங்கி அடுத்ததற்குக் கைமாற்றும். பேட்டரியில் ஓடுவது செய்யாது. மாடிப்படி நடுவே ஒரு பிளக் வைத்தேன். மாடி சென்சாரின் தொடர்பு அன்றிலிருந்து அறுபடவில்லை, கரண்ட் போகும் நேரம் தவிர. இன்வெர்ட்டர் லைன் படிக்கட்டுப் பக்கம் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டு அந்தப் பிளக், ராஸ்பெர்ரி பை, ரவுட்டர் மூன்றையும் இன்வெர்ட்டரில் மாட்டினேன்.

வந்தவர் மோட்டாரைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, பிளக்குல 16 ஆம்பியர்னு போட்டிருந்தா மோட்டார் தாங்கிரும்னு நெனச்சீங்களா?" ஒரு எச்பி மோட்டார் ஓடும்போது இழுக்கும் கரண்ட் கொஞ்சம்தான், கிளம்பும் அந்த நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். பிளக்குக்குள் கரண்டைத் திறந்து மூடும் ரிலே ஒட்டிக்கொண்டால் ஆப்பில் 'ஆஃப்' என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் ஒரு கான்டாக்டர் போட்டார், மோட்டாரின் சுமையைத் தாங்கும் பெரிய சுவிட்ச் அது. இப்போது பிளக், கான்டாக்டரைத் திறந்து மூடும் சின்னக் காயிலை மட்டும் இயக்குகிறது. நானும் என் பங்குக்கு, சென்சார் என்ன சொன்னாலும் சரி, 25 நிமிடத்தில் மோட்டாரை நிறுத்து என்று ஒரு விதி எழுதி வைத்தேன்.

லைட்டுகளுக்கு பல்பை விட்டுவிட்டு சுவிட்ச் பின்னால் பொருத்தும் மாட்யூலுக்கு மாறிவிட்டேன். காரணம் அம்மாதான். சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் ஸ்மார்ட் பல்பு பிணம். மாட்யூல் என்றால் சுவிட்சும் வேலை செய்யும், போனும் வேலை செய்யும். ஆனால் அதற்கு நியூட்ரல் வேண்டும். சாக்கெட் இருக்கும் போர்டில் நியூட்ரல் இருக்கும். வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள எங்கள் மாடிப்படி போர்டில் இல்லை. பக்கத்து அறையிலிருந்து ஒயர் இழுத்தோம். மிச்சமிருந்த ஒரு பல்பு, நடுராத்திரி கரண்ட் வந்ததும் முழு வெளிச்சத்தில் எரிந்து எல்லோரையும் எழுப்பியது. கரண்ட் திரும்பும்போது பழைய நிலையிலேயே இரு என்று சொல்லும் அமைப்பு அதன் ஆப்பிலேயே ஒளிந்திருந்தது.

கடைசியாக வாங்கியது மேட்டர் பிளக். எந்தக் கம்பெனி சாதனமும் இன்னொன்றோடு பேச, 2022 அக்டோபரில் முதல் பதிப்பு வந்த பொதுத் தரம் இது. ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் எல்லோரும் சேர்ந்திருக்கிறார்கள். 11 இலக்க எண்ணைப் போட்டால் போதும் என்றார்கள். எனக்குப் போதவில்லை. ரவுட்டரில் 'ஏபி ஐசொலேஷன்' என்ற ஒன்று ஆனில் இருந்தது. ஒரே வைஃபையில் இருக்கும் சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்காமல் தடுப்பது அதன் வேலை. அதை அணைத்ததும் அரை நிமிடத்தில் சேர்ந்துவிட்டது.

இன்னும் அடங்காதது ஏசி. ரிமோட்டுக்குப் பதிலாக வைத்த டப்பா அகச்சிவப்பில் கட்டளையை வீசும், பதில் வாங்காது. அப்பா ரிமோட்டில் அணைத்துவிட்டால் ஹோம் அசிஸ்டென்ட்டைப் பொறுத்தவரை ஏசி ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஏசி லைனில் மின்சாரத்தை அளக்கும் மீட்டர் ஒன்று வைத்துப் பார்க்கலாம் என்று எண்ணம். எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.