முற்றத்துக் குப்பை – உப்புவெளி வளவு நாட்குறிப்பு

2024 ஜூன் 2

கச்சான் காற்றுத் தொடங்கிப் பத்து நாளாகிறது. காலை ஒன்பது மணிக்கே மேற்கிலிருந்து காற்று அனலாய் வருகிறது. கத்தரிப் பாத்திக்கு விடியப் பன்னிரண்டு வாளி, பொழுதுபட எட்டு வாளி ஊற்றுகிறேன். அப்படியும் மத்தியானம் போய்ப் பார்த்தால் இலையெல்லாம் தொங்கிப்போய் நிற்கிறது. இன்று விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தேன். இரண்டு அங்குலத்துக்கு வெறும் சுடுமணல். திருகோணமலை உப்புவெளியில், கடலுக்குக் கிட்ட என்பதால் எங்கள் வளவு முழுக்க இந்த மணல்தான். ஊற்றுகிற தண்ணீரும் போடுகிற பசளையும் நிற்காமல் கீழே இறங்கிவிடுகின்றன. அந்தப் பசளைத் தண்ணீர் எங்கள் கிணற்றுக்குத்தானே போகிறது என்று நினைக்கப் பயமாகவும் இருக்கிறது.

இதே வளவில் தினமும் ஒரு கடகம் நிறைய இலை விழுகிறது. வேம்பு, மா, பூவரசு, பலா. மாமி விடியவே எழும்பி, ஈர்க்குமாற்றால் கூட்டி, கிணற்றடி மூலையில் குவித்து நெருப்பு வைத்துவிடுவா. இருபத்திரண்டு வருஷமாக நானும் அதைத்தான் செய்தேன். மணல் முற்றத்தில் ஈர்க்குக் கோடு தெரிந்தால்தான் எங்கள் ஆட்களுக்கு வீடு வீடாக இருக்கும்.

"மாமி, இனிக் கொளுத்தாதேங்கோ. குப்பையை எனக்குத் தாங்கோ" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாம்பு வந்தால் ஆர் பாக்கிறது பிள்ளை?" என்றா. நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

2024 ஜூன் 9

பின்வேலிக்குக் கிட்ட, பலாமர நிழலில் கூட்டெருவுக்குக் கூடு அடித்தாயிற்று. கிளிசரியாக் கதியால் நான்கு நட்டு, சுற்றிவரப் பழைய கம்பி வலை. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீற்றர். இதைவிடச் சிறிதாகக் கட்டினால் உள்ளே பிறக்கிற சூடு நிற்காமல் வெளியே போய்விடும்.

அடியில் காற்றோட்டத்துக்குத் தென்னம்பாளை, காய்ந்த கொக்கரை. அதற்கு மேல் மூன்று கடகம் சருகுக்கு ஒரு கடகம் பச்சை: கிளிசரியா இலை, மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, பிடுங்கிய புல். ஒவ்வொரு அடுக்குக்கும் மேலே சாணத் தண்ணீர். சாம்பல்தீவில் மாடு வளர்க்கிற ஓர் அண்ணா ஒரு யூரியாப் பை நிறையச் சாணம் தந்தார், காசு வாங்கவில்லை. இந்தக் கணக்குக்குக் காரணம் இருக்கிறது. இலையை உக்க வைக்கிற நுண்ணுயிர்களுக்கு 25 முதல் 30 பங்கு காபனுக்கு ஒரு பங்கு நைதரசன் வேண்டும். சருகு மட்டும் போட்டால் உக்க நெடுநாள் பிடிக்கும். பச்சை கூடினால் நாறும். மாவிலையை மட்டும் மண்வெட்டியால் கொத்திப் போட்டேன், அதன் மெழுகுத்தோல் இலகுவில் உக்காது.

2024 ஜூன் 13

நடுவில் செருகி வைத்திருந்த இரும்புக் கம்பியை உருவிப் பிடித்தேன். இரண்டு மூச்சுக்கு மேல் பிடிக்க முடியவில்லை! மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன், மாமியையும் கூப்பிட்டேன். மாமி கம்பியைத் தொட்டுவிட்டு, "நெருப்பு வைக்காமலே சுடுது" என்றா. நாள் முழுக்க அந்த வார்த்தை என் கூடவே இருந்தது.

2024 ஜூன் 23

முதல் தடவை புரட்டினேன். வெளியே இருந்ததெல்லாம் உள்ளே, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே. நடுப்பகுதி சாம்பல் பூத்தது போல வெள்ளையாய், உலர்ந்து கிடந்தது. சூடு கூடி ஈரம் வற்றியதன் அடையாளம். கச்சானும் பக்கவாட்டில் உறிஞ்சியிருக்கிறது. ஆறு வாளி தண்ணீர் தெளித்துத் தெளித்துத்தான் சரிக்கட்டினேன். ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி கசிய வேண்டும், ஒழுகக்கூடாது, அதுதான் அளவு. இனி நான்கு பக்கமும் வாழை மட்டை சாத்தி, மேலே பழைய சாக்கு.

2024 ஜூலை 7

ஒரு பிழை விட்டேன். நல்ல சத்து என்று இவர் சந்தையிலிருந்து கொண்டுவந்த மீன் குடலையும் செதிலையும் கூட்டின் மேல்மட்டத்தில் போட்டு மூடினேன். இரவே பூனைகள் கிளறிவிட்டன. விடிய இலையான், நாற்றம். பக்கத்து வளவு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் போனா. அது ஏச்சைவிடப் பெரிது. எல்லாவற்றையும் அள்ளிப் பப்பாசிக்கு மூன்றடி தள்ளி, ஒன்றரை அடி ஆழத்தில் குழி வெட்டிப் புதைத்து, மேலே ஒரு தகரம் போட்டுக் கல் வைத்தேன். மீன் கழிவு இனிக் குழிக்குத்தான்.

2024 ஜூலை 21

இன்று நகரத்துக்குப் போய்வந்தேன். கோட்டைப் பக்கத்து மான்களில் ஒன்று தெருவோரக் குப்பையில் ஒரு பையைக் காலால் மிதித்துக் கிழித்து, உள்ளே இருந்த மரக்கறித் தோலைப் பொலித்தீனோடு சேர்த்து மென்றுகொண்டு நின்றது. கொஞ்ச நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தத் தோல் யாரோ ஒருவரின் வீட்டு மண்ணுக்குப் போயிருக்க வேண்டியது.

2021 நினைவுக்கு வந்தது. அந்த வருஷம் மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுப்பதற்குள் ஒரு போகமே பாழாகிவிட்டது. அப்போது கொம்போஸ்ட் என்று சொல்லி விற்ற ஒரு மூடையை நானும் வாங்கினேன். அரித்துப் பார்த்தால் கண்ணாடித் துண்டு, இறப்பர், பொலித்தீன். அன்றைக்குக் கூட்டெருவையே வெறுத்துப் போனேன். யூரியாவில் 46 வீதம் நைதரசன் இருக்கிறது. நல்ல கூட்டெருவில் ஒன்றிரண்டு வீதம் வந்தாலே பெரிது. ஆகவே ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஆனால் எங்கள் மணலுக்கு முதலில் வேண்டியது யூரியா இல்லை, தண்ணீரையும் சத்தையும் பிடித்து வைக்கிற ஒரு கை. அதைக் கூட்டெரு போல உக்கினதுதான் தரும். இதை எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

2024 ஓகஸ்ட் 11

தேங்காய் பிடுங்க வந்த ஐயா மரத்திலிருந்தே கூப்பிட்டார்: "பிள்ளை, குருத்து ஓலையைப் பாருங்கோ, கத்தரிக்கோலால வெட்டின மாதிரிக் கிடக்கு." இரண்டு மரத்தில் விரிந்த ஓலை முக்கோணமாய் அறுபட்டிருக்கிறது. கருவண்டு, தலையில் கொம்புள்ள வண்டு. விரியாத குருத்தைத் துளைத்துத் தின்னும். பிறகு ஓலை விரியும்போதுதான் அந்த வெட்டு வெளியே தெரியும்.

இறங்கி வந்து நேரே என் கூட்டைக் காட்டி, "அதுக்குள்ள கிண்டிப் பாத்தனீங்களோ?" என்று கேட்டார். எனக்கு நெஞ்சு இடித்தது.

கிண்டினோம். அடிமூலையில் வெள்ளைப் புழுக்கள், அரை வட்டமாய் வளைந்து, மண்ணிறத் தலையோடு. இருபத்தேழு எண்ணினேன். கூடு சூடாய் இருந்தவரை ஒன்றும் வரவில்லை. ஆறின பிறகு, "இனி உக்கட்டும்" என்று மூன்று கிழமை தொடாமல் விட்டதுதான் பிழை. தாய் வண்டு முட்டையிட வசதியான இடம் நானே செய்து கொடுத்திருக்கிறேன். மாமி ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை, கடகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றா.

ஐயா ஒரு விஷயம் காட்டித் தந்தார். புழுவை மட்டமான தரையில் விட வேண்டுமாம். முதுகைக் கீழே வைத்து, கால் மேலே தெரிய ஊர்ந்தால் அது பூவண்டின் புழு, உக்கினதைத் தின்று எருவாக்கும், விட்டுவிடலாம். பக்கவாட்டில் கிடந்து உழன்றால் கருவண்டு. முற்றத்தில் இருபத்தேழையும் வரிசையாய் விட்டோம். ஐந்து மல்லாந்து ஊர்ந்து போயின. அவற்றைத் திரும்பக் கூட்டுக்குள் போட்டேன். மிச்சம் பக்கத்து வளவு அக்காவின் கோழிகளுக்கு. மீன் நாற்றத்துக்குப் பிறகு அக்கா சிரித்தது இன்றுதான்.

கூடு மட்டும் காரணமில்லை. கிணற்றடியில் உக்கிக் கிடந்த பழைய தென்னங்குற்றியை ஐயா அலவாங்கால் பிளந்தார். உள்ளே இன்னும் பதினாறு. குற்றியைக் கொத்தி எரித்தோம். இந்த வளவில் இனி நெருப்பு வைப்பது இதுபோன்றவற்றுக்கு மட்டும்.

தென்னை நிற்கிற வளவில் கூட்டெரு போடுகிறவர்களுக்கு: இரண்டு கிழமைக்கு ஒருமுறை அடிவரை புரட்டுங்கள், மேலே நெருக்கமான வலை கட்டுங்கள், உக்கினதும் அரித்துச் சாக்கில் கட்டிவிடுங்கள். குவித்து வைத்திருக்காதீர்கள்.

2024 ஓகஸ்ட் 18

அரித்து முடிந்தது. என் நெஞ்சளவு நின்ற குவியல் முழங்காலளவு. மூன்றரைச் சாக்கு. கறுப்பாய், உதிரியாய், முதல் மழை விழுந்த மண்ணின் வாசம்.

கத்தரிப் பாத்தியை இரண்டாகப் பிரித்தேன். இரண்டு பாதிக்கும் ஒரே அளவு கூட்டெரு கொத்திக் கலந்து, ஒரு பாதிக்கு மட்டும் மேலே மூன்று அங்குலச் சருகு மூடுபடை. தண்டைச் சுற்றி இரண்டு அங்குலம் வெறுமையாய் விட்டேன், ஒட்டினால் தண்டு அழுகும். காற்று சருகைத் தூக்காமல் இருக்கத் தென்னோலைக் கீற்றைக் குறுக்கே போட்டேன். தென்னைகளைச் சுற்றித் தேங்காய்ப் பொச்சுமட்டையைக் குழிவான பக்கம் மேலே பார்க்க அடுக்கிப் புதைத்தாயிற்று. அப்பா எப்போதும் செய்த வேலை, நான்தான் இத்தனை காலம் மறந்திருந்தேன்.

2024 செப்ரெம்பர் 8

மூடின பாதிக்கு இப்போது ஒன்றுவிட்ட ஒருநாள் தண்ணீர் போதும். மூடாத பாதி இன்னும் இரண்டு வேளையும் கேட்கிறது. மத்தியானம் சருகை விலக்கிக் கை வைத்தால் மண் குளிர்ந்திருக்கிறது, வெள்ளை வேர்நுனிகள் மேல்வரை வந்திருக்கின்றன.

ஆனால் இன்று அதே சருகுக்குள் ஒரு மட்டத்தேள் (பூரான்), ஒரு சாண் நீளம். மகள் வெறுங்கையை விடப் போனாள், மாமி சத்தம் போட்டுத் தடுத்தா. ஜூன் மாதம் கேட்ட கேள்விக்கு இன்றுதான் இருந்து பேசினோம். வீட்டைச் சுற்றிப் பத்தடி வெறும் மணல், மாமி கூட்டி ஈர்க்குக் கோடு விழ வைத்திருப்பா. அதற்கு அப்பால்தான் மூடுபடை. கிணற்றுக்குப் போகிற பாதையும் வெறும் மணல். சருகைக் கிளற எப்போதும் தடி, காலில் செருப்பு, இருட்டினால் அந்தப் பக்கம் போவதில்லை. புடையன் பாம்பு உள்ள ஊரில் வயதான ஒருவர் படுகிற பயத்தைப் பத்தாம்பசலி என்று தள்ள எனக்கு மனமில்லை.

2024 ஒக்ரோபர் 20

மாரி தொடங்கிவிட்டது. பயற்றை நாற்று ஒன்பது செத்துப்போயின. கோடை நினைப்பில் நாற்றுக்கும் தடிப்பாய்ச் சருகு போட்டிருந்தேன். ஈரம் தேங்கி அடித்தண்டு அழுகிவிட்டது, நத்தையும் சேர்ந்துகொண்டது. நாற்று அரை அடி வளரும் வரை மண்ணைத் திறந்து விடவேண்டும், மழைக்காலத்தில் ஓர் அங்குலம் போதும். கூட்டுக்கு மேலே தறப்பாள் கட்டினேன், சத்து கரைந்து போகாமல்.

2024 நவம்பர் 27

மூன்று நாளாய்க் கொட்டுகிறது. கடல் இரைவது அறைக்குள் கேட்கிறது. உயர்தரப் பரீட்சையை நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வளவுப் பிள்ளை புத்தகத்தோடு எங்கள் திண்ணையில் இருக்கிறாள்.

மத்தியானம் கொஞ்சம் விட்ட நேரம் குடையோடு போய்ப் பார்த்தேன். மூடாத பாதியில் மழை மணலைத் தோண்டி, கத்தரி வேர் வெளியே நிற்கிறது, இலையின் அடிப்பக்கமெல்லாம் மணல் தெறித்திருக்கிறது. மூடின பாதியில் இலை கழுவி வைத்த மாதிரி. சருகு பாதியாய் இளகி மண்ணோடு சேர்ந்துவிட்டது, கீழே மண்புழு. இந்த வளவில் மண்புழுவை நான் கண்டதே இல்லை.

இப்போதைய கவலை காய்ந்த சருகு. அடுத்த கூட்டுக்குப் பச்சை நிறைய இருக்கிறது, காய்ந்தது எல்லாம் நனைந்துவிட்டது. கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தபோது சுவரோரம் ஏழு சாக்கு அடுக்கியிருந்தது. செப்ரெம்பரிலேயே மாமி கூட்டிக் கட்டி வைத்திருக்கிறா.