முப்பதாவது தையல்

மகப்பேறு வார்டில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் 'சிம்ஸ் ஸ்பெக்குலம்' தெரியும். பிறப்புறுப்பை விரித்து உள்ளே பார்க்க உதவும், இரு முனையும் வளைந்த எஃகுக் கருவி. 1845இல் அமெரிக்காவின் அலபாமாவில் ஜே. மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் ஒரு கரண்டிக் காம்பை வளைத்துப் பார்த்ததில் பிறந்தது.

அவர் தீர்க்க முயன்ற நோய் கொடியது. பிரசவம் நாள்கணக்கில் இழுத்தால், குழந்தையின் தலை அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் நின்று திசு அழுகும். சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஓட்டை விழும். பிறகு சிறுநீர் ஓயாமல் கசியும். தோல் புண்ணாகும், நாற்றத்தால் அந்தப் பெண் ஒதுக்கப்படுவாள். பட்டு நூலால் தைத்தபோது காயம் வீங்கி, சீழ் பிடித்து, தையல் விட்டுப்போனது. 1849இல் மெல்லிய வெள்ளிக் கம்பியால் தைத்தார். காயம் ஒட்டி ஆறியது.

அனார்க்கா என்ற அடிமைப் பெண்ணுக்கு அது ஏறத்தாழ முப்பதாவது அறுவை. அவருக்கும், அவரைப் போலவே அடிமைகளான லூசி, பெட்சிக்கும் மயக்க மருந்து இல்லை. அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் உரிமை, சட்டப்படி, அவர்களுடைய எஜமானர்களிடம் இருந்தது. குணமாக வேண்டும் என்று அந்தப் பெண்கள் உண்மையிலேயே ஏங்கியிருக்கலாம். ஆனால் 'வேண்டாம்' என்று சொல்ல வழியில்லாதவர் சொல்லும் 'சரி'யை நான் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

'அந்தக் காலம் அப்படி' என்பவர்கள் தேதியைப் பார்க்க வேண்டும். ஈத்தர் என்ற மயக்க மருந்தைப் பலர் முன்னிலையில் பாஸ்டனில் பயன்படுத்திக் காட்டியது 1846 அக்டோபரில். அதற்கு முந்தைய அறுவைகளுக்கு மயக்க மருந்து தரவில்லை என்று சிம்ஸைக் குறை சொல்வது நியாயமில்லை. பிந்தையவை வேறு கணக்கு. மயக்க மருந்து தேவைப்படும் அளவுக்கு இதில் வலி இல்லை என்று பின்னாளில் காரணம் சொன்னார். லூசி பட்ட வேதனை மிகக் கடுமையானது என்று எழுதியவரும் அவரேதான்.

சாதனையைக் காட்டி இதை மன்னிக்கலாமா? ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்: வெள்ளிக் கம்பியும் தோற்றிருந்தால்? அதே கத்தி, அதே பெண்கள், அதே முப்பது முறை. அப்போது அவருக்காக வாதாட ஒருவரும் வரமாட்டார்கள். அப்படியானால் அவரைக் காப்பாற்றுவது காயம் ஆறியது என்ற விளைவு மட்டும்தான். கத்தியை எடுத்தபோது அந்த விளைவு அவருக்கே தெரியாது.

கருவியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. இன்றைக்கும் அது பெண்களுக்கு உதவுகிறது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இருந்த அவர் சிலையை 2018இல் அகற்றினார்கள். அந்த அறுவைகள் நடந்த மான்ட்கோமரியில் 2021இல் அனார்க்கா, லூசி, பெட்சி மூவருக்கும் சிலை எழுந்தது.