எந்த வினைச்சொல்லில் நிற்கிறது சிங்கப்பூர்?

தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் வெளியுறவு அமைச்சர்கள் கூடுவதற்கு முந்தைய வாரம் செய்தித்தாள்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கும்: யார் சீனா பக்கம், யார் அமெரிக்கா பக்கம்? கோப்பு தயாரிக்கிற அதிகாரியின் மேசையில் இருப்பதோ கூட்டறிக்கையின் வரைவு. நூற்றுக்கு மேல் பத்திகள் இருந்தாலும் சண்டைக்குரியவை நாலைந்துதான். அவற்றில் எந்த வினைச்சொல்லுக்குத் தலையாட்டலாம், எதற்குக் கூடாது என்பதுதான் ஒரு சின்ன நாட்டின் வெளியுறவு நிலைப்பாடு.

2016 ஜூலை 12 அன்று, சீனாவுக்கு எதிராகப் பிலிப்பைன்ஸ் தொடுத்த தென்சீனக் கடல் வழக்கில் பிலிப்பைன்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. சிங்கப்பூர் வெளியிட்ட அறிக்கை சில வரிகள்தான். தீர்ப்பை 'வரவேற்கிறோம்' என்று சொல்லவில்லை, 'கவனத்தில் கொண்டுள்ளோம்' என்றது. வரவேற்றால் பக்கம் சாய்ந்ததாகும். வாய் திறக்காவிட்டால் தீர்ப்பே வராத மாதிரி ஆகிவிடும். அடுத்து, நாங்கள் உரிமை கோரும் நாடு அல்ல, யார் கோரிக்கையையும் ஆதரிக்கவில்லை என்றது. பிறகு 1982 ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, மிரட்டலும் படைபலமும் இல்லாத தீர்வு. கடைசியாக, சிறிய நாடு என்ற முறையில் விதிகளின்படி நடக்கும் உலக ஒழுங்கை வலுவாக ஆதரிக்கிறோம் என்ற வரி. எடை முழுக்க அந்தக் கடைசி வரியில்தான்.

இது வெறும் கொள்கைப் பேச்சு இல்லை. உள்நாட்டு உற்பத்தி மதிப்பைப்போல் சுமார் மூன்று மடங்கு வணிகம் செய்கிற துறைமுக நாடு அது. பெட்ரா பிராங்கா தீவுக்காக மலேசியாவுடன் சர்வதேச நீதிமன்றம் போய், 2008இல் தீவை வென்று, பக்கத்திலிருந்த மிடில் ராக்ஸை இழந்து, இரண்டையும் ஏற்றுக்கொண்ட நாடும்கூட. அங்கே வாதாடிய குழுவில் முன்னாள் வெளியுறவு அமைச்சர் எஸ். ஜெயக்குமாரும் இருந்தார். அப்படிப்பட்ட நாடு, அடுத்தவர் வழக்கில் வந்த தீர்ப்பு ஒரு பொருட்டே இல்லை என்று எப்படிச் சொல்லும்?

தீர்ப்பு வந்து பன்னிரண்டு நாளில் லாவோஸ் தலைநகர் வியன்டியானில் ஆசியான் அமைச்சர்கள் கூடினார்கள். கூட்டறிக்கையில் தீர்ப்பு என்ற சொல்லே இல்லை. 'சட்ட, தூதரக வழிமுறைகளுக்கு முழு மதிப்பு' என்ற தொடர் மட்டும் உள்ளே வந்தது. அதுவும் தென்சீனக் கடல் பகுதியில் இல்லை, முன்னால் பொதுவான ஒரு பத்தியில். தென்சீனக் கடல் பகுதியில், கடலில் மண் கொட்டி நிலமாக்கும் வேலைகள் பற்றி 'சில அமைச்சர்கள்' தெரிவித்த கவலையைக் கவனத்தில் கொண்டோம் என்று எழுதினார்கள். அந்த 'சில'வைப் பாருங்கள். கம்போடியா 'அந்தச் சிலரில் நான் இல்லை' என்று சொல்லிக்கொள்ளலாம். வியட்நாம் 'என் கவலை பதிவாகிவிட்டது' என்று ஊருக்குப் போகலாம். மழுப்பல்தான். ஆனால் ஒப்பமிட முடிந்த மழுப்பல்.

வரைவு நகரும் விதம் இது: தலைமை நாடு முதல் வரைவை அனுப்பும். தலைநகரங்கள் திருத்தம் அனுப்பும். ஒத்துவராத சொற்கள் சதுர அடைப்புக்குறிக்குள் போகும். மூத்த அதிகாரிகள் உட்கார்ந்து அடைப்புக்குறிகளை ஒவ்வொன்றாக உரிப்பார்கள். மிஞ்சியதுதான் அமைச்சர்களிடம் போகும். அப்படி மிஞ்சும் ஒவ்வொன்றுக்கும் அமைச்சரின் கோப்பில் மூன்று வரி இருந்தாக வேண்டும்: கேட்பது என்ன, எதில் இறங்கி வருவோம், எதில் கையெழுத்துப் போட மாட்டோம். மூன்றாவது பட்டியல் நீண்டால் ஆபத்து. பத்து இடத்தில் 'முடியாது' என்று சொன்ன சின்ன நாட்டை, நிஜமாகவே முக்கியமான பதினொன்றாவது இடத்தில் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். தனியாக எதிர்ப்பதும் அப்படித்தான். கூடப் பேச இன்னொரு நாடாவது இருக்கிறதா என்று முந்தின வாரமே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நல்ல கவசம் போன வருஷத்து வாக்கியம். ஏற்கெனவே எல்லோரும் ஒப்புக்கொண்ட சொல்லை மாற்றச் சொல்கிறவர்தான் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

இது தவறினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் 2012 ஜூலை, கம்போடியத் தலைநகர் நாம்பென். கம்போடியா தலைமை. வரைவில் 132 பத்திகள். தென்சீனக் கடல் 14 முதல் 17 வரை. தானும் சீனாவும் உரிமை கோரும் ஸ்கார்பரோ திட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும் என்றது பிலிப்பைன்ஸ். பிரத்தியேகப் பொருளாதார மண்டலம், அதாவது கடல் வளம் கரை நாட்டுக்கே உரிய கடல்பகுதி, என்ற சொல் வேண்டும் என்றது வியட்நாம். இருதரப்புச் சச்சரவுக்கு இங்கே இடமில்லை என்றார் கம்போடிய அமைச்சர் ஹோர் நாம்ஹோங். மாற்றுச் சொற்களும் எடுபடவில்லை. ஆசியானில் வாக்கெடுப்பு கிடையாது, கருத்தொற்றுமைதான்; ஆசியான் சாசனத்தின் 20ஆவது பிரிவு அப்படி. ஆக நாலு பத்திக்காக மற்ற 128 பத்திகளும் போயின. 45 ஆண்டுகளில் முதல் முறையாகக் கூட்டறிக்கை இல்லாமல் கலைந்தார்கள். அமைப்பின் நம்பகத்தன்மைக்குப் பலத்த அடி என்றார் அப்போதைய சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சர் கா. சண்முகம்.

பிறகு இந்தோனேசிய அமைச்சர் மார்ட்டி நதலகாவா ஐந்து தலைநகரங்களுக்குப் பறந்து, ஜூலை 20க்குள் ஆறு அம்சக் கொள்கை ஒன்றைத் தேற்றினார். அதில் ஸ்கார்பரோ பெயர் இல்லை. அதை ஒரு வாரம் முன்பே அந்த அறையில் எழுதியிருக்கலாம். தலைமை நாற்காலி சின்ன நாட்டுக்குக் கிடைக்கும் பெரிய ஆயுதம். கம்போடியா அதைத் தன் காரியத்துக்குப் பயன்படுத்தியதாக யாரும் நம்பவில்லை, பெய்ஜிங்கின் காரியத்துக்கு என்றுதான் பேசினார்கள். அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

பக்கம் சாயாமல் விதியைப் பிடித்துக்கொள்ளும் சிங்கப்பூர்ச் சூத்திரமும் இலவசம் இல்லை. 2016 ஜூனில், ஆசியான்-சீன உறவின் ஒருங்கிணைப்பாளராக யுன்னானில் நடந்த சிறப்புக் கூட்டத்துக்கு இணைத் தலைமை வகித்தார் சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன். தென்சீனக் கடல் பற்றிக் கவலை தெரிவித்த ஆசியான் அறிக்கை மலேசியா வழியாக வெளியாகி, சில மணி நேரத்தில் திரும்பப் பெறப்பட்டது. கூட்டுச் செய்தியாளர் சந்திப்பில் அவர் உட்காரவில்லை.

இப்போது இந்தக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டிய நாடு திமோர் லெஸ்தே (கிழக்குத் திமோர்). 2011இல் விண்ணப்பித்து, 2025 அக்டோபர் 26இல் பதினோராவது உறுப்பினரானது. செயலகத்துக்கு எல்லா நாடும் கட்டும் சந்தா ஒரே தொகை; கூட்டங்களோ ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல். ஒரே அதிகாரி இரண்டு அறைக்கு ஓடும் நிலையில் எல்லாப் பத்தியிலும் வாய் வைக்க முடியாது. கடல் பத்தியில் அவர்களுக்குச் சொந்தச் சரக்கு இருக்கிறது: கடல் சட்ட உடன்படிக்கையில், ஒரு தரப்பு மறுத்தாலும் நடக்கும் கட்டாயச் சமரச வழியில் ஆஸ்திரேலியாவை உட்காரவைத்து, 2018இல் எல்லை ஒப்பந்தம் போட்ட நாடு. மியான்மர் பத்திதான் கஷ்டம். 2023 ஆகஸ்டில் அவர்களுடைய தூதரகப் பொறுப்பாளரை வெளியேற்றிய அந்நாட்டு ராணுவத் தலைமை பற்றி எழுதும் வரிக்கு, இனி அவர்களும் வினைச்சொல் தேர்ந்தெடுக்க வேண்டும்.