மரத்துக்கு நாலு பேர்

ஷார்ஜாவில் ஒரு மரவேலைத் தொழிற்சாலையின் ஸ்டோரில் 2011 முதல் வேலை பார்க்கிறேன். வில்லாக்களுக்கும் ஓட்டல்களுக்கும் கதவு, அலமாரி, படிக்கட்டுக் கைப்பிடி செய்து கொடுக்கும் இடம். வரும் பலகையை இறக்கி, அளந்து, பேர் எழுதி அடுக்குவது என் பொறுப்பு. அளக்க ஒரு வாரத்தில் பழகிவிட்டேன். பேர் எழுதப் பழகத்தான் வருஷங்கள் ஆயின.

பில் இங்கிலீஷில் வரும். பட்டறையில் இருப்பவர்கள் பாகிஸ்தான் பஞ்சாப்காரர்களும் உத்தரப் பிரதேசத்து சஹாரன்பூர்காரர்களும். அவர்களுக்குள் பேச்சு உருது. எனக்கோ ராமநாதபுரத்துத் தமிழ். வந்த புதிதில் தேக்கு வந்துவிட்டது என்று இன்ஜினியருக்கு எழுதும்போது 'டீக் ட்ரீ' என்று எழுதினேன். அவர் கூப்பிட்டு, நிற்பது ட்ரீ, அறுத்தது டிம்பர் என்று பொறுமையாகச் சொன்னார். தோப்பில் நின்றாலும் மரம், கடையில் அடுக்கினாலும் மரம் என்று வளர்ந்தவனுக்கு அது புதிதாக இருந்தது. உருதுவிலும் அப்படித்தான் பிரிக்கிறார்கள். நிற்பது தரக்த், வெட்டியது லக்டி. வீடு கட்டும் மரத்தை 'இமாரதி லக்டி', அதாவது கட்டட மரம் என்பார்கள். இங்கிலீஷ் டிம்பரும் அந்தக் காலத்தில் கட்டடம், வீடு என்ற பொருளில் இருந்த சொல்தான் என்று பின்னால் தெரிந்தது. அறையைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான 'ட்ஸிம்மர்' அதற்கு உறவு.

எங்கள் உஸ்தாத், அதாவது பட்டறையின் தலைமை ஆசாரி, பாகிஸ்தான் பஞ்சாபில் உள்ள சினியோட்காரர். செனாப் ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊர் மரச் செதுக்கு வேலைக்குப் பேர்போனது. அவருடைய அப்பா, தாத்தா எல்லாரும் ஷீஷம் என்ற மரத்தில் கட்டிலும் பெட்டியும் செய்தவர்கள். என்னை 'புத்தர்' என்பார். பஞ்சாபியில் மகன் என்று பொருள். மரத்துக்கு என்ன பேர் என்று கேட்டால் அவர் உடனே சொன்னதில்லை. பலகையின் முனையை எனக்குக் காட்டுவார். நடுவில் கருத்திருப்பது பக்கி லக்டி, ஓரத்தில் வெளுத்திருப்பது கச்சி லக்டி. பழுத்தது, காய் என்று வைத்துக்கொள்ளலாம். நம் ஆசாரிகள் நடுவை வைரம் என்பார்கள், ஓரத்தை வெளிறு என்பார்கள். உள்ளே வைரம் உள்ளதுதான் மரம், வெளிப்பக்கம் வைரம் உள்ள பனை, தென்னை எல்லாம் புல் என்று தொல்காப்பியம் பிரித்திருப்பதை அவருக்குச் சொன்னேன். ஈச்ச மரத்தை அறுத்துப் பார்த்தவர் அவர். "உண்மைதான், அதில் உள்ளே ஒன்றும் இல்லை" என்றார்.

அப்புறம் அளவு. ஒரு நாள் கதவுச் சட்டத்தில் பலகை உட்காரவில்லை. "ஏக் ஸூத்" எடு என்று பையனிடம் சொன்னார் உஸ்தாத். எவ்வளவு என்று கேட்டேன். டேப்பில் நகத்தை வைத்துக் காட்டினார், இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. எங்கள் ஊரில் ஆசாரி இதே அளவை "ஒரு நூல்" என்பார். ஸூத் என்றாலும் நூல்தான். எங்கேயோ இருக்கும் இரண்டு ஊர்க்காரர்கள் அதே இடுக்கைப் பார்த்து, இழை அளவு என்று ஒரே மாதிரி பேர் வைத்திருக்கிறார்கள். அன்று ராத்திரி ரூமில் ஒரு நோட்டுப் போட்டு நாலு பத்தி பிரித்தேன். தமிழ், இங்கிலீஷ், உருது, நாலாவதாகத் தாவரவியல் பேர். நாலாவதைப் பெரும்பாலும் காலியாகவே விட்டுவைத்தேன். அது என் தவறு.

2017இல் அதற்கு விலை கொடுத்தோம். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு மேஜைகள் செய்து அனுப்ப வேண்டியிருந்தது. வரைபடத்தில் 'ரோஸ்வுட்'. மரம் வாங்கிய பில்லில் 'ஷீஷம்'. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து என் இருப்புப் பட்டியலில் 'இந்தியன் ரோஸ்வுட்' என்று ஏற்றியிருந்தேன். நம் ஈட்டி மரம்தான் இந்தியன் ரோஸ்வுட், தாவரவியலில் டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா. உஸ்தாதின் ஷீஷம் டால்பெர்ஜியா சிஸ்ஸூ. பஞ்சாபியில் அதற்கு டாலி என்று பேர். ஒரே குடும்பம், வேறு வேறு மரம். அந்த வருஷம் ஜனவரி 2 முதல் டால்பெர்ஜியா வகை முழுவதும், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தை நாடுகளுக்கிடையே கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்துவிட்டது. அனுமதிச் சீட்டில் இனம் சரியாக இருந்தால்தான் சரக்கு நகரும். மூன்று காகிதத்தில் மூன்று பேர் இருந்தால் யார் கையெழுத்துப் போடுவார்கள்? கட்டி வைத்த மேஜைகள் வாரக்கணக்கில் நின்றன.

உஸ்தாத் திட்டவில்லை. மிச்சத் துண்டு ஒன்றை எடுத்து ரண்டா போட்டார். இழைப்புளிக்கு அவர்கள் சொல் அது. சுருள் சுருளாக வந்த சீவலை என் கையில் கொடுத்து முகரச் சொன்னார். பெரிதாக வாசனை இல்லை. இழைத்த இடத்தில் தண்ணீர் தடவினார். பொன்னும் பழுப்புமாக நிறம் எழுந்தது, ஊடே கரும்பழுப்புக் கோடுகள். ஈட்டியாக இருந்தால் ஊதா கலந்த கருமை தெரியும், அறுக்கும்போது பூவாசம் வரும். அந்த வாசத்தால்தான் இங்கிலீஷில் ரோஸ்வுட் என்று பேர் வந்தது. நிறத்தால் வந்த பேர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்றிலிருந்து நாலாவது பத்தியை நிரப்பாமல் எந்தப் பலகையையும் நான் ஏற்றியதில்லை.

ஒரே மொழிக்குள்ளும் பேர் மாறும். சஃபேதா என்றால் பஞ்சாப்காரருக்கு யூகலிப்டஸ், காஷ்மீர்க்காரருக்கு பாப்லர். வெண்மை என்ற சொல்லிலிருந்து இருவருமே எடுத்திருக்கிறார்கள். தேக்கு உருதுவில் ஸாக்வான், அரபியில் ஸாஜ். இந்த இரண்டும் ஒரே வேர். இங்கிலீஷ் டீக் மட்டும் நம் பக்கத்துத் தேக்கு. மலையாளக் கரையிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாகப் போனது. பாகிஸ்தானின் தேசிய மரம் தேவதாரு. கடையில் தியார் என்பார்கள். தாருவும் இங்கிலீஷ் ட்ரீயும் ஒரே வேர் என்கிறார்கள் மொழியறிஞர்கள்.

அந்த நோட்டில் எனக்கு மிகவும் நெருக்கமான வரி வேறு. எங்கள் ராமநாதபுரத்தைச் சூழ்ந்து நிற்கும் சீமைக்கருவேலத்தின் படத்தை ஒரு வெள்ளிக்கிழமை உஸ்தாதிடம் காட்டினேன். பார்த்ததும் "விலாயதி கீகர்" என்றார். கீகர் என்றால் கருவேலம், விலாயத் என்றால் சீமை. ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அவர் ஊரிலும் முள் முள்ளாகப் பரவி நிலத்தைப் பிடித்திருக்கிறதாம்.

அன்று மாலை ஷார்ஜாவுக்கு வெளியே மணலில் தனியாக நின்ற காஃப் மரத்தடியில் உட்கார்ந்தோம். அமீரகத்தின் தேசிய மரம். அந்தச் சின்னச் சின்ன இலையை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கள் பக்கத்துச் சிவன் கோயிலில் தலமரமாக நிற்கும் வன்னி! உஸ்தாத் ஜண்ட் என்றார், அவர் கிராமத்தில் கிணற்றடியில் ஒன்று நிற்கிறதாம். நான் எழுந்து அடிமரத்தைத் தொட்டுக் கும்பிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

உஸ்தாத் இரண்டு வருஷம் முன்னால் ஊருக்குப் போய்விட்டார். போன மாதம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார், பேரன் பிறந்திருக்கிறான், வாசலில் ஷரீன் இலை கட்டியிருக்கிறோம் என்று. கூடவே படமும் வந்தது. உங்கள் ஊரில் இந்த மரத்துக்கு என்ன பேர் என்று கேட்டிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். வாகை. போரில் வென்றவர்கள் எங்களிடம் இதன் பூவைத்தான் சூடினார்கள் என்று பதில் சொல்லிவிட்டு, நோட்டை எடுத்து எழுதினேன். வாகை, சிரிஸ், ஷரீன், அல்பீசியா லெபெக்.