பத்திரத்தில் அவர் பெயர்

கீழ்வேளூர் பக்கம் ஒரு இ-சேவை மையத்தில் இன்று ஒரு பாட்டி, பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டி வைத்திருந்த பத்திரத்தை மெதுவாகப் பிரித்தார். மடிப்பெல்லாம் இற்றுப்போயிருந்தது.

வாங்குபவர் இடத்தில் அவர் பெயர். கணவர் பெயர், யார் மனைவி என்று காட்ட மட்டும்.

ஒரு ஏக்கர்.

இந்த மாதிரிப் பத்திரங்களுக்காகத்தான் 2008-இல் கிருஷ்ணம்மாள், சங்கரலிங்கம் ஜெகந்நாதன் தம்பதிக்கும் உழுபவர்க்கு நிலம் கிடைக்க அவர்கள் நடத்திய லாஃப்டி அமைப்புக்கும் ரைட் லைவ்லிஹுட் விருது வந்தது. மாற்று நோபல் என்பார்களே, அதுதான். ஒருவர் தன் தபால்தலைச் சேகரிப்பை விற்ற பணத்தில் 1980-இல் தொடங்கிய விருது.

கீழவெண்மணியில் தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட 1968-க்குப் பிறகு இருவரும் இந்த மண்ணுக்கு வந்தார்கள். யாரிடமும் பிடுங்கவில்லை. மிராசுதாரிடம் விலை பேசி, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, ஏக்கர் ஏக்கராகப் பிரித்து, பெண்கள் பெயரில் பதிவு. பெண்கள் பெயரில் என்பதுதான் எனக்குப் பெரிசு. அவர்களுக்குத் தெரியாமல் நிலம் அடமானம் போகாது.

ஆனால் பத்திரம் மட்டும் போதாது. உட்பிரிவு அளந்து பட்டா மாற்றாவிட்டால், நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டாவில் பழைய சொந்தக்காரர் பெயரே நிற்கும். கொள்முதல் நிலையத்தில் நெல் போடவும், பயிர்க்கடனுக்கும் சிட்டாவும், என்ன பயிர் என்று காட்டும் அடங்கலும் கேட்பார்கள். பத்திரம் அம்மா பெயரில் இருந்து அவர் இறந்திருந்தால், பட்டா மாற்ற வாரிசுச் சான்றும் சேர்த்து மனு கொடுங்கள்.

அசல் பத்திரத்தை மட்டும் லேமினேட் செய்துவிடாதீர்கள். பழைய தாள் பிளாஸ்டிக்கோடு ஒட்டினால் பிரிக்கவே முடியாது.